காசுப் பையின் வரலாறு

தமிழிலே பணம் வைக்கும் பொருளைக் குறிக்க வழங்கிய பழஞ்சொற்களை ஒருங்கு சேர்த்து நோக்கினால் ஓர் உண்மை புலனாகும். கிழி என்பது கிழித்தெடுத்த துணி. முடிப்பு என்பது துணியிலே போட்ட முடிச்சு. மடி என்பது உடுத்த ஆடையின் மடிப்பு. இம்மூன்றும் பையென்னும் தனிப்பொருளைச் சுட்டி எழுந்த சொற்களல்ல. கிழித்தல், முடிதல், மடித்தல் என்னும் தொழில்களிலிருந்து பிறந்தவை. காசைக் காத்து வைப்பதற்கு மனிதன் முதலிற் பயன்படுத்திய கருவி அவன் உடுத்திருந்த உடையே என்பதை இச்சொற்கள் இன்றும் சொல்லிக்கொண்டிருக்கின்றன.

காசுப் பை மிகச் சிறிய பொருள். மன்னரின் முடியும் வாளும் நூதனசாலைகளிலே போற்றி வைக்கப்படுகின்றன. ஏழையின் காசு முடிச்சோ கந்தலாகி மறைந்துவிடுகின்றது. ஆயினும் முடி சூடியவர் சிலர். காசு முடிந்தவர் பலர். ஒரு நாட்டு மக்களின் காசுப் பையை ஆராய்பவர் மூன்று கேள்விகளுக்கு விடை காணலாம். அங்கே வழங்கிய நாணயம் எத்தகையது? மக்கள் உடுத்த உடை எத்தகையது? பையின் முடிச்சை அவிழ்க்கும் உரிமை எவரிடத்தில் இருந்தது? முதலிரு கேள்விகளும் பையின் வடிவத்தை விளக்குவன. மூன்றாவது கேள்வி அதனைச் சுமந்த மனிதரின் வாழ்வை விளக்குவது.

தமிழ் மரபிலே மிகவும் புகழ்பெற்ற பணப் பை பொற்கிழியேயாகும். பாண்டியன் தன் ஐயத்தைத் தீர்க்கும் பாடலுக்குப் பரிசாக ஆயிரம் பொன் கொண்ட கிழியைச் சங்க மண்டபத்திலே தூக்குவித்தான் என்பதும், தருமி என்னும் ஏழை அந்தணன் அதனைப் பெற விரும்பி இறைவனை வேண்டினான் என்பதும் திருவிளையாடற் புராணக் கதை. வல்லபதேவ பாண்டியன் அவையிலே கட்டித் தொங்கவிட்ட பொற்கிழி பெரியாழ்வார் முன் தானே தாழ்ந்தது என்பது வைணவ மரபு. இரு கதைகளிலும் கிழி எல்லாரும் காணும்படி உயரத்திலே தொங்குகின்றது. பிறர் கண்ணில் படாமல் மறைத்து வைப்பதே காசுப் பையின் இயல்பு. பொற்கிழி ஒன்றே பலர் காண வைக்கப்பட்ட பை. அதனாலேதான் அது வெறும் பணமாக நில்லாமல் மதிப்பின் அடையாளமாயிற்று. இவ்வழக்கம் அரசரோடு அழிந்துபோகவில்லை. 1946ஆம் ஆண்டில் கவிஞர் பாரதிதாசனுக்குச் சென்னையிலே 25,000 ரூபா பொற்கிழியாக வழங்கப்பட்டது. அரசன் இருந்த இடத்திலே பொதுமக்கள் நின்றனர். கிழி என்ற சொல் மாறவில்லை.

பொற்கிழிக்கு மறுகோடியிலே நிற்பது நேர்த்திக் காசு. வீட்டிலே ஒருவர் நோயுற்றாலோ, கடலுக்குச் சென்றவர் திரும்பத் தாமதித்தாலோ, தாய் ஒருத்தி ஒரு காசை எடுத்து மஞ்சள் தோய்த்த சிறு துணியில் முடிந்து வைப்பாள். கோயிலுக்குச் சென்று காணிக்கையாகச் செலுத்தும்வரை அம்முடிச்சு அவிழ்க்கப்படுவதில்லை. எவ்வளவு வறுமை வந்தபோதும் அந்தக் காசைத் தொட மனம் வராது. பூட்டு இல்லை, காவல் இல்லை. முடிச்சு ஒன்றே காவல். வாக்குறுதியை உள்ளடக்கிய இந்த மஞ்சள் துணியைப் போல எளிய காசுப் பையும் வேறில்லை; உறுதியான காசுப் பையும் வேறில்லை.

பழைய உலகிலே பை ஓர் எண்ணாகவும் பயன்பட்டது. பௌத்த சாதகக் கதைகளிலே ஆயிரம் காசு அடங்கிய பை ஒரு குறித்த தொகையாகவே அடிக்கடி பேசப்படுகின்றது. துருக்கியரின் ஒத்தோமன் பேரரசிலே ‘கெசே’ என்ற சொல்லுக்குப் பை என்பது பொருள்; பிற்காலத்தில் அது 500 குருஷ் வெள்ளியைக் குறிக்கும் கணக்கு அளவாயிற்று. அரசாங்கக் கணக்குகளிலே இத்தனை காசு என்று எழுதாமல் இத்தனை பை என்றே எழுதினர். நெல்லை மூட்டையாலும் எண்ணெயைக் குடத்தாலும் கணக்கிட்டது போலப் பணத்தைப் பையால் கணக்கிட்டனர் எனலாம்.

இனி, நாணயத்தின் வடிவம் பையின் வடிவத்தை எவ்வாறு நிருணயித்தது என்பதைப் பார்ப்போம். சீன நாட்டிலே செப்புக் காசுகளின் நடுவே சதுரத் துளை இருந்தது. ஆகவே அங்கு காசைக் கயிற்றிலே கோத்துச் சுமந்தனர். ஆயிரம் காசு கொண்ட கோவை ஒரு கணக்கு அளவாகவும் வழங்கிற்று. பெருந்தொகை செப்புக் காசுக்குக் கயிறே பையாக அமைந்தது. இலங்கையில் யாப்பகூவையிலே ஆயிரத்துக்கு மேற்பட்ட சீனக் காசுகள் கண்டெடுக்கப்பட்டன. இத்தீவுக்கும் சீன வணிகத்துக்கும் இடையே இருந்த தொடர்பை அவை காட்டுவன.

மேற்காசியாவிலிருந்து இலங்கைக்கு வந்த வேறொரு நாணயம் வட்டமாகவே இருக்கவில்லை. பாரசீக நாட்டு லார் என்னும் ஊரின் பெயரால் லாரின் எனப்பட்ட அந்நாணயம் வெள்ளிக் கம்பியை மடித்து அடித்தது. இலங்கையிலே அக்கம்பியைத் தூண்டில் முள் போல வளைத்து வழங்கினர். கண்டி இராச்சியத்திலே 1660ஆம் ஆண்டு முதல் 1679ஆம் ஆண்டு வரை சிறைப்பட்டிருந்த றொபேட் நொக்ஸ் என்னும் ஆங்கிலேயர், 1681ஆம் ஆண்டில் வெளியிட்ட தம் நூலிலே இந்தத் தூண்டில் வடிவ வெள்ளியைக் குறிப்பிடுகின்றார். தட்டையான காசுக்கென்று தைத்த பையிலே இத்தகைய வெள்ளிக் கொளுக்கிகள் எளிதில் அடங்கா. துணியிலே சுருட்டி இடுப்பிலே செருகுவதற்கே அவை ஏற்றவை.

தென்னிந்தியாவிலே இதற்கு நேர்மாறான தொல்லை இருந்தது. அங்கு வழங்கிய பொற்பணம் அரைக் கிராம் நிறைகூட இல்லாத மிகச் சிறிய காசு. விரல் நுனியிலே ஒட்டிக்கொள்ளும் அளவினது. இழை நெருங்காத துணியில் வைத்தால் நழுவி விழுந்துவிடும். அதனை எண்ணுவதும் எளிதன்று. ஆகையால் மலையாள நாட்டிலே பணப் பலகை என்றொரு கருவி இருந்தது. பலகையிலே ஒரு காசு மாத்திரம் பொருந்தும் சிறு குழிகள் வரிசையாக வெட்டப்பட்டிருக்கும். கைநிறையக் காசை அள்ளிப் பலகையிலே போட்டு மெல்ல அசைத்தால் குழிக்கு ஒன்றாகப் படியும். மிகுதியைத் தள்ளிவிட்டால் நூறோ இருநூறோ கணக்காக நிற்கும். பிறகு பலகையைச் சாய்த்துப் பைக்குள் கொட்டுவர். காசு சிறிதாயின் பை நெருங்கிய நெசவுடையதாகவும் வாய் இறுகச் சுருங்குவதாகவும் இருத்தல் வேண்டும். சுருக்குப் பையின் அருமை இதனால் விளங்கும்.

காசு பெரிதாகவும் தொகை மிகுதியாகவும் இருந்தால் வேறு இடர் தோன்றும். பிரித்தானிய இந்தியாவின் வெள்ளி ரூபா ஒரு தோலா நிறையுடையது, அதாவது 11.66 கிராம். ஆயிரம் ரூபாவைத் தூக்குபவர் பதினொன்றரைக் கிலோவுக்கு மேற்பட்ட பாரத்தைத் தூக்க வேண்டும். அதைப் பையிலே இட்டுச் செல்பவரின் நடையே அவரைக் காட்டிக்கொடுத்துவிடும். மடியிலே கனமிருந்தால் வழியிலே பயம் என்னும் பழமொழி வெறும் உவமையன்று; வெள்ளிக் காசு சுமந்தவரின் அனுபவம். இந்தக் கனத்தை இறக்கி வைக்க வணிகர் கண்ட வழி உண்டியல் என்னும் பணமாற்றுச் சீட்டு. நாட்டுக்கோட்டைச் செட்டிமார் கொழும்புச் செட்டியார் தெருவுக்கும் தமிழகத்துக்கும் இடையே நடத்திய கொடுக்கல் வாங்கலிலே ஒரு துண்டுக் காகிதம் பல பைகளின் சுமையைத் தாங்கிற்று. பெரிய பணம் பையை விட்டு அகன்று காகிதத்திலே ஏறியபோது, பையிலே எஞ்சியது சிறுகாசு. அது முதற்கொண்டு காசுப் பை எளிய மக்களின் பொருளாயிற்று.

இரண்டாவது கேள்வி உடையைப் பற்றியது. பண்டைய உரோமரின் ஆடையிலே சட்டைப்பை இல்லை. அவர்கள் தோலாற் செய்த சிறு பையைக் கையிலோ கச்சையிலோ வைத்திருந்தனர். வணிகரின் தெய்வமாகிய மேர்க்குரியின் கையிலே பணப் பையைச் சிற்பிகள் வடித்தனர். அப்பைக்கு மார்சூப்பியம் என்று ஒரு பெயர். குட்டியை வயிற்றுப் பையிலே சுமக்கும் கங்காரு இனத்துக்கு விலங்கியலார் இட்ட பெயர் இச்சொல்லிலிருந்தே வந்தது. கிரேக்க மொழியிலே ‘பிர்சா’ என்பது உரித்த தோல். அது இலத்தீனிற் ‘பர்சா’ ஆகி, ஆங்கிலத்திலே ‘பேர்ஸ்’ ஆயிற்று. கல்லூரியின் நிதியைப் பேணும் பேர்சர், ஏழை மாணவருக்கு உதவும் பேர்சரி ஆகிய சொற்கள் அதன் கிளைகள். ஆண்டுதோறும் பாராளுமன்றத்திலே சமர்ப்பிக்கப்படும் வரவு செலவுத் திட்டத்தை ஆங்கிலத்திலே ‘பட்ஜெட்’ என்பர். அச்சொல்லும் சிறு தோற்பை என்னும் பொருளுடைய பழைய பிரெஞ்சுச் சொல்லின் வழிவந்தது. நாட்டின் கணக்கும் வீட்டின் கணக்கும் ஒரு தோற்பையிலிருந்தே தொடங்கின.

தோல் நெடுங்காலம் நிலைப்பதன்று. 1939ஆம் ஆண்டிலே இங்கிலாந்தின் கிழக்குப் பகுதியில் சட்டன் ஹூ என்னுமிடத்தில், ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்த ஒரு தலைவனின் புதைகுழி அகழப்பட்டது. அதிலே இடைவாரில் தொங்கவிடும் பணப் பையொன்றின் மூடி கிடைத்தது. பொன்னாற் செய்து செம்மணிகள் பதித்த அம்மூடி இன்று பிரித்தானிய நூதனசாலையில் உள்ளது. பையின் உறை மண்ணோடு மண்ணாயிற்று. உள்ளே இருந்த 37 பொற்காசுகள் அழியவில்லை. முத்திரை பொறிக்கப்படாத மூன்று பொன் வில்லைகளும் இரண்டு சிறு பொற்கட்டிகளும் அவற்றோடு கிடந்தன. பை அழிந்து காசு நிலைத்தமைக்கு இதனினும் சிறந்த சான்று வேண்டியதில்லை.

மத்தியகால ஐரோப்பாவிலே ஆண்களும் பெண்களும் பையை இடைவாரிலே வெளிப்படையாகத் தொங்கவிட்டனர். அதனால் வார்க்கயிற்றைக் கத்தியால் அறுத்துப் பையைக் கவரும் கள்வர் தோன்றினர். ஆங்கிலத்திலே அவர்களுக்குப் பை அறுப்போர் என்று பெயர். பதினேழாம் நூற்றாண்டளவிலே ஆண்களின் உடுப்பிலே பை தைக்கப்பட்டு உள்ளே மறைந்தபோது, கள்வரும் தொழிலை மாற்றிக்கொண்டனர். கத்தியின் வேலையை விரல் ஏற்றது. தமிழிலே இத்தகைய கள்வனுக்கு முடிச்சவிழ்க்கி என்றும் முடிச்சுமாறி என்றும் பெயர். ஆங்கிலக் கள்வன் அறுத்தான். தமிழ்க் கள்வன் அவிழ்த்தான். அங்கே பணம் பையில் இருந்தது, இங்கே முடிச்சில் இருந்தது என்பதற்குக் கள்வனின் பெயரே சாட்சி.

உடுப்பிலே பை தைக்க இடமில்லாத நாடுகளில் தனிப்பை நெடுங்காலம் நிலைபெற்றது. ஸ்கொட்லாந்து மலைநாட்டாரின் மடிப்புக் குட்டையாடையிலே பை இல்லை. ஆதலால் அதன் முன்புறத்திலே தோற்பை ஒன்று தொங்கும். அதனை ஸ்போரன் என்பர். அந்நாட்டு மொழியிலே பணப் பை என்பதே அதன் பொருள். யப்பானியரின் கிமோனோ உடையிலும் பையில்லை. ஆதலால் சுருக்குப் பையை இடைக்கச்சையிலே தொங்கவிட்டு, அது நழுவாதபடி நெற்சுகே என்னும் செதுக்குவேலை கொண்ட குமிழால் நிறுத்தினர்.

தமிழரின் வேட்டியும் சேலையும் இவ்வகையைச் சேர்ந்தவையே. ஆண்கள் வேட்டியின் மடியிலே காசைச் சுருட்டிச் செருகினர். பெண்கள் சேலைத் தலைப்பிலே முடிந்தனர். அன்றிச் சுருக்குப் பையிலே இட்டு இடுப்பிலே செருகினர். யாழ்ப்பாணத்திலே இவற்றோடு கொட்டைப் பெட்டி என்னும் வேறொரு பொருளும் வழங்கிற்று. பனையின் குருத்தோலையை நுண்ணிதாக வார்ந்து இழைத்த சிறு பெட்டி அது. வெற்றிலை, பாக்கு, காசு ஆகியவற்றை வைத்து இடுப்பிலே செருகிக்கொள்ளும் அளவினது. பனை வளரும் நாட்டிலே தோலுக்கும் பட்டுக்கும் பதிலாக ஓலையே பணப் பையின் மூலப்பொருளாயிற்று. சந்தைக்குச் சென்ற முதியவள் இடுப்பிலிருந்து கொட்டைப் பெட்டியை எடுத்து, மூடியைக் கழற்றி, வெற்றிலைக்கு அடியிலிருந்து காசைத் தேடி எடுக்கும் காட்சி ஒரு தலைமுறைக்கு மிகவும் பழகியது. சாரம் உடுத்த வியாபாரிகளோ அகன்ற தோல்வாரை இடையிலே கட்டி, அதிலே பொருத்திய பைகளிற் பணத்தை வைத்தனர்.

கண்டிப் பகுதிச் சிங்கள மக்களிடையே வெற்றிலைப் பையும் ஹம்பிலிய என்னும் சிறு பையும் கைத்திறன் மிக்க பொருள்களாக விளங்கின. துணியிலே நூலால் நிரப்பிய பூவேலைகளைக் கொண்ட இவ்வகைப் பைகளின் சிறப்பை, ஆனந்த குமாரசுவாமி 1908ஆம் ஆண்டில் வெளிவந்த ‘மத்தியகாலச் சிங்களக் கலை’ என்னும் நூலிலே எடுத்துக் காட்டியுள்ளார். சிங்களத்திலே பணப் பைக்கு வழங்கும் ‘பசும்பிய’ என்ற சொல், தமிழிலுள்ள ‘பசும்பை’ என்ற சொல்லோடு ஒலியாலும் பொருளாலும் ஒத்து நிற்பது கவனிக்கத்தக்கது. ஒரே சந்தையிலே கொடுத்து வாங்கிய மக்கள் காசை மட்டுமன்றிச் சொற்களையும் கொடுத்து வாங்கினர். துட்டு என்ற தமிழ்ச்சொல் ஒல்லாந்தரின் ‘டொயிற்’ என்னும் செப்புக் காசிலிருந்து வந்ததென்பர்.

பையைச் செய்யும் பொருளைப் பற்றி நோக்கும்போது குபேரனின் உருவமும் நினைவுக்கு வரும். வடஇந்தியக் குபேர உருவங்களிலும் பௌத்தரின் ஜம்பல உருவங்களிலும் கையிலே ஒரு கீரி காணப்படும். முற்காலத்திலே கீரியின் தோலை முழுதாக உரித்துப் பணப் பையாகப் பயன்படுத்தினர் என்றும், அப்பையே நாளடைவில் மணிகளை உமிழும் உயிருள்ள கீரியாகக் கொள்ளப்பட்டது என்றும் கலை வரலாற்றாசிரியர் விளக்குவர்.

பதினெட்டாம், பத்தொன்பதாம் நூற்றாண்டுகளிலே இங்கிலாந்திலும் பிரான்சிலும் பெண்கள் பட்டு நூலாற் பின்னிய நீண்ட பையொன்று பெருவழக்காயிற்று. அதன் இரு முனைகளும் மூடியிருக்கும். நடுவிலே ஒரு பிளவு மாத்திரம் இருக்கும். காசை அப்பிளவின் வழியே இட்டு, இரு வளையங்களை நகர்த்தி இறுக்குவர். காசை வெளியே எடுப்பது எளிதன்று. ஆதலால் அதற்கு உலோபியின் பை என்று பட்டப்பெயர் வந்தது. சில பைகளிலே ஒரு முனை வட்டமாகவும் மற்ற முனை சதுரமாகவும் பின்னப்பட்டன. பொன் ஒரு முனையிலும் வெள்ளி மறுமுனையிலும் இருக்கும்; மங்கிய வெளிச்சத்திலும் விரலின் தொடுகையாலே இரண்டையும் வேறுபடுத்தி அறியலாம்.

இந்தத் தொடுகை அறிவை இலங்கையிலே பையன்றி நாணயமே தந்தது. 1909ஆம் ஆண்டிலே ஐந்து சதம் சதுர நாணயமாக வெளிவந்தது. 1944ஆம் ஆண்டிலே இரண்டு சதமும் பத்துச் சதமும் பூவிதழ் போன்ற அலைவிளிம்போடு வந்தன. சுருக்குப் பைக்குள்ளே விரலை விட்ட பாட்டிக்கு எழுத்தறிவு தேவைப்படவில்லை. மூலையுள்ளது ஐந்து சதம். இதழ் விளிம்புள்ளது இரண்டு அல்லது பத்து. பெரியது எது, சிறியது எது என்பதை விரலே சொல்லிவிடும்.

சிறுகாசு எவ்வளவு சிறிதாயிருந்தது என்பதையும் எண்ணிப் பார்த்தல் தகும். 1825ஆம் ஆண்டிலே பிரித்தானிய நாணயம் இலங்கையிலே சட்டபூர்வமாக்கப்பட்டது. இங்கிலாந்தின் மிகச் சிறிய காசாகிய பாதிங்கூட இந்நாட்டு ஏழையின் கொள்வனவுக்குப் பெரிதாயிருந்தது. ஆகவே 1828ஆம் ஆண்டில் அரைப் பாதிங்கும், 1839ஆம் ஆண்டில் காற் பாதிங்கும் இலங்கைக்கென அடிக்கப்பட்டன. காற் பாதிங் 3,840 சேர்ந்தால்தான் ஒரு பவுண். 1872ஆம் ஆண்டில் ரூபா சதக் கணக்கு நடைமுறைக்கு வந்தபோதும் காற்சதம் என்னும் செப்புக் காசு இருந்தது. ஒரு பிடி உப்பும் ஒரு வெற்றிலையும் வாங்கும் குடும்பத்தின் பையிலே கிடந்தவை இத்தகைய காசுகள். காற்சதம் தொலைந்தால் தேடிய மக்கள் இருந்தனர் என்பதற்கு, அரசாங்கம் காற்சதம் அடித்ததே சான்று.

தாட்காசு வந்தபோது பையின் மேலிருந்த நம்பிக்கை சோதனைக்குள்ளாயிற்று. 1884ஆம் ஆண்டிலே ஒரியன்ரல் வங்கி முறிந்தது. அவ்வங்கியின் தாட்காசுகளை வைத்திருந்தோர் கலங்கினர். ஆளுநர் சேர் ஆதர் கோர்டன் அவற்றுக்கு அரசாங்கத்தின் பொறுப்பை அளித்து அச்சத்தைத் தணித்தார். 1885ஆம் ஆண்டு முதல் அரசாங்கமே தாட்காசை வெளியிட்டது. அதே ஆண்டிலே தபாற் கந்தோர்ச் சேமிப்பு வங்கியும் தொடங்கப்பட்டது. மடியிலும் முடிச்சிலும் இருந்த சிறுகாசு புத்தகத்தில் எழுதப்படும் எண்ணாக மாறத் தொடங்கிய காலம் அது. இரண்டாம் உலகப் போரின்போது உலோகம் அரிதாகவே, 1942ஆம் ஆண்டிலே சிறு சதங்களும் தாளிலே அச்சிடப்பட்டன. ஐந்து சதத் தாளொன்றை நடுவே துளைகளிட்டு, இரண்டு சதமாகவும் மூன்று சதமாகவும் கிழித்து வழங்கும்படி செய்தனர். கிழித்த துணியிலே காசு முடிந்த மக்கள் காசையே கிழித்துக் கொடுக்கும் காலமும் வந்தது.

இனி மூன்றாவது கேள்வி. பையின் முடிச்சை அவிழ்க்கும் உரிமை எவருடையது?

1870ஆம் ஆண்டுகளில் இலண்டன் வாற்றர்லூ புகையிரத நிலையத்திலே மிலிசென்ற் போசெற் என்னும் பெண்மணியின் பணப் பை திருடப்பட்டது. பிற்காலத்திலே பெண்களின் வாக்குரிமை இயக்கத்துக்குத் தலைமை தாங்கியவர் அவர். அவர் கையிலிருந்த பையிலே 1 பவுண் 18 சிலின் 6 பென்ஸ் இருந்தது. கள்வன் பிடிபட்டான். நீதிமன்றத்திலே வாசிக்கப்பட்ட குற்றப் பத்திரிகையோ, பை மிலிசென்ற் போசெற்றிடமிருந்து திருடப்பட்டதென்றும், அது அவருடைய கணவர் ஹென்றி போசெற்றின் உடைமையென்றும் கூறிற்று. அன்றைய ஆங்கிலச் சட்டத்தின்படி மனைவியின் கையிலுள்ள பை கணவனுக்குரியது. தாமே திருடியவர் போன்ற உணர்வு தமக்கு ஏற்பட்டதென அப்பெண்மணி பின்னர் கூறினார். மணமான பெண்ணின் சொத்து அவளுக்கே உரியதென்னும் சட்டம் இங்கிலாந்திலே 1882ஆம் ஆண்டிலேதான் முழுமையாக இயற்றப்பட்டது. அவர் கணவர் ஹென்றி போசெற் பார்வை இழந்தவர், பொருளியல் அறிஞர். 1880ஆம் ஆண்டிலே தபாற்றலைமை அமைச்சராகி, ஏழைகள் பென்னி முத்திரைகளை ஒட்டியே தபாற் கந்தோரிற் சேமிக்க வழி செய்தவரும் அவரே.

யாழ்ப்பாணத்து நிலை வேறானது. 1707ஆம் ஆண்டிலே ஒல்லாந்த அதிகாரி கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்த தேசவழமையிலே முதுசம், சீதனம், தேடிய தேட்டம் என்னும் மூவகை ஆதனங்கள் கூறப்படுகின்றன. மகளுக்குச் சீதனமாகக் காணியும் நகையும் பணமும் கொடுக்கும் வழக்கம் அதிலே இடம்பெற்றது. ஆங்கிலப் பெண்ணுக்குத் தன் கைப்பையும் தனதென்று சொல்ல உரிமையில்லாத காலத்திலே, யாழ்ப்பாணத்துப் பெண்ணின் பெயரிலே காணி இருந்தது. எனினும் உடைமை வேறு, ஆட்சி வேறு. 1911ஆம் ஆண்டு இயற்றப்பட்ட யாழ்ப்பாணத் திருமண உரிமை, மரபுரிமைக் கட்டளைச் சட்டத்தின்படி, மனைவி தனக்குரிய அசையும் பொருளைத் தன் விருப்பப்படி கையாளலாம். அசையாச் சொத்தை விற்கவோ ஈடு வைக்கவோ கணவனின் எழுத்துமூலமான சம்மதம் வேண்டும். முந்தானையிலே முடிந்த காசு முழுதும் அவளுடையது. அவள் பெயரிலிருந்த காணியோ அவளுடையதாயிருந்தும் அவள் தனித்து எடுத்தாள முடியாதது.

தமிழிலே சிறுவாடு என்றொரு சொல் உண்டு. வீட்டுச் செலவிலே மிச்சம் பிடித்து, ஆடு கோழி வளர்த்து, பெட்டி இழைத்து, பெண்கள் தனியே சேர்த்து வைக்கும் சிறு பணத்துக்கு அது பெயர். அப்பணம் அரிசிப் பானைக்குள்ளும் சுருக்குப் பைக்குள்ளும் வளர்ந்தது. குடும்பத் தலைவனின் கணக்கிலே அது வருவதில்லை. ஆயினும் பிள்ளையின் பரீட்சைக் கட்டணமும், நோயாளியின் மருந்துச் செலவும், அடகு போன நகையை மீட்கும் வட்டியும் அதிலிருந்தே வெளிவந்தன. வெளிப்படையாகப் பேசப்படாத இந்தச் சிறு முடிச்சு எத்தனையோ வீடுகளின் பெரிய தூணாக நின்றது. காசுப் பையின் வரலாற்றிலே அரசர் தூக்கிய பொற்கிழிக்கு நிகரான இடம் இதற்கும் உண்டு.

இன்று சதங்கள் கடைவீதியை விட்டு மறைந்துவிட்டன. ரூபா நாணயங்களே சில்லறையாகிவிட்டன. வங்கி அட்டையும் கைத்தொலைபேசியும் பணப் பையின் வேலையைச் செய்கின்றன. மடியிலே கனமில்லை, வழிப்பயமும் வேறு உருவம் எடுத்துள்ளது. முடிச்சின் இடத்தை இரகசிய எண் பிடித்துக்கொண்டது. முடிச்சவிழ்க்கியும் அதற்கேற்ற வித்தையைக் கற்றுக்கொண்டான். நாணயமும் உடையும் மாற மாறப் பையும் மாறிற்று, இனியும் மாறும். ஆயினும் மூன்றாவது கேள்வி மாறவில்லை. வெளிநாட்டிலிருந்து மகன் அனுப்பிய பணம் வங்கிக்கு வந்து சேர்ந்திருக்கும். தாய்க்கு அதன் எண் தெரியாது. அட்டை மற்றொருவர் கையில் இருக்கும். கொட்டைப் பெட்டியைத் தன் இடுப்பிலே செருகியிருந்த அவளுடைய பாட்டிக்குக் காசு குறைவு. ஆனால் மூடியைத் திறக்க எவரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. சேமிப்பைப் பற்றிப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் வீடுகள் இதனையும் சேர்த்துக் கற்பித்தல் நன்று. பணத்தைச் சேர்ப்பது போலவே, அதனை உரியவர் தம் கையாலே எடுத்தாளுமாறு செய்வதும் குடும்பத்தின் கடமையாகும்.